தறியும் தராசும்: ஆரணியின் தொடக்கப்பள்ளி அறிவியல் குறித்து

கேள்வி

ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருபவை இரண்டு: பட்டு, அரிசி. ஜவ்வாது மலையில் தோன்றி வரும் கமண்டல நாகநதி பெரும்பாலான மாதங்களில் மணலாகத்தான் கிடக்கிறது. ஆனால் அதன் கரையிலுள்ள ஊரிலும் சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு போன்ற ஊர்களிலும் தறிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள் நிற்கின்றன. நெல்லை அவித்துக் காயவைப்பவரும், பட்டு நூலைக் காய்ச்சிச் சாயம் ஏற்றுபவரும், வெப்பத்தையும் நீரையும் ஈரத்தையும் நாள் முழுக்கக் கையாள்கிறார்கள். பள்ளிப் பாடநூல் பருப்பொருள், வேலை, ஆற்றல் என்ற தலைப்புகளில் சொல்வதில் பெரும்பகுதி இவர்களுக்குக் கைப்பழக்கம்.

அப்படிப்பட்ட ஊரில் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்புக் குழந்தை அறிவியலைத் தறியோடு தொடர்பற்ற ஒரு பாடமாகவே படித்து முடிக்கிறது. இது குறையா, அல்லது தெரிந்தே எடுத்த நல்ல முடிவா? தொடக்கப்பள்ளி அறிவியலை மேம்படுத்த உள்ளூர்த் தொழிலை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்று கல்வியாளர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அந்த வாக்கியத்தை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கொண்டுவரலாம் என்பதே இக்கட்டுரையின் முடிவு. ஆனால் அந்த முடிவைவிட அதற்குரிய நிபந்தனைகள்தான் முக்கியம்.

அளக்கப்படாத பாடம்

முதலில் ஒரு சங்கடமான உண்மை. நம் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் அறிவியலை எவ்வளவு கற்கிறார்கள் என்பதற்கு நம்மிடம் உள்ள சான்றுகள் மிகச் சில. 2005 முதல் வெளிவரும் ‘அசர்’ அறிக்கை குழந்தையால் வாசிக்க முடிகிறதா, கழித்தலும் வகுத்தலும் செய்ய முடிகிறதா என்றே முதன்மையாகப் பார்க்கிறது. கொரோனாக் கால இழப்பும் அதன் மீட்சியும் பற்றித் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் அபிஜீத் சிங், மவ்ரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் நடத்திய ஆய்வு, இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டதையும், அதில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திற்குக் கணிசமான பங்கு இருந்ததையும் காட்டியது. மதிப்புமிக்க ஆய்வு, ஆனால் அதிலும் அளக்கப்பட்டவை மொழியும் கணிதமும்தான். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் இயக்கத்தின் இலக்கு, எட்டு வயதுக்குள் பொருளுணர்ந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் குழந்தைகளைத் தயாராக்குவது. இதில் தவறு காண முடியாது. வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு அறிவியல் பாடநூல் வெறும் படப்புத்தகம். ஆனாலும் அளக்கப்படும் பாடத்திற்கே நேரமும் கவனமும் போகும் என்பதைப் பள்ளியை அறிந்த எவரும் மறுக்க மாட்டார்.

தேசிய அடைவுத் தேர்வு 2017லும் 2021லும் மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளில் சூழ்நிலையியலையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அது சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைத் தேர்வு. உற்றுநோக்குவது, ஒப்பிடுவது, ஐயப்படுவது ஆகியவை விடைத்தாளின் வட்டங்களுக்குள் அடங்குவதில்லை.

எஞ்சியிருப்பது ஒரு பழைய எண். ‘பீசா’ எனப்படும் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டின் 2009 சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. பதினைந்து வயது மாணவர்களுக்கான அந்தத் தேர்வில் அறிவியலில் தமிழ்நாட்டின் சராசரி 348. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நாடுகளின் சராசரி 501. கேள்வி வடிவம் பழக்கமில்லாதது, சூழல் அந்நியமானது என்ற மறுப்புகள் எழுந்தன. அவற்றில் நியாயம் உண்டு. ஆனாலும் 150 புள்ளி இடைவெளியைக் கேள்வி வடிவத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. பாடத்தில் படித்ததைப் பாடத்திற்கு வெளியே பயன்படுத்தும் இடத்தில்தான் நம் மாணவர்கள் தடுக்கினார்கள். அந்தத் தடுக்கல் பதினைந்து வயதில் வெளிப்பட்டது. அங்கேதான் தொடங்கியது என்று கொள்ள வேண்டியதில்லை.

அட்டைகளில் எஞ்சியது

தமிழ்நாடு இந்தச் சிக்கலைக் கவனிக்கவே இல்லை என்றால் அநியாயம். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்னெடுப்பில், ரிஷிவேலி ஊர்ப்புறக் கல்வி மையத்தின் முறையைப் பார்த்து, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007–08க்குள் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. ஏணி, மைல்கல், சின்னம், அட்டை, குழு என்று வகுப்பறையே மாறியது. ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார். குழந்தை தன் வேகத்தில் முன்னேறியது. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டிய ஆசிரியருக்கு அது ஒரு நடைமுறைத் தீர்வாகவும் இருந்தது. பயமில்லாத வகுப்பறை என்ற அளவில் அதன் சாதனை பெரிது என்றே நினைக்கிறேன்.

அறிவியலுக்கு அது என்ன செய்தது என்பது வேறு கேள்வி. அட்டை என்பது முன்கூட்டியே எழுதப்பட்ட வரிசை. அடுத்து என்ன என்பதை ஏணி சொல்லிவிடுகிறது. வாசிப்பிற்கும் கணக்கிற்கும் இந்த ஒழுங்கு உதவும். அறிவியலில் அடுத்து என்ன என்பதைச் சில வேளைகளில் குழந்தைதான் கேட்க வேண்டும். விதை முளைப்பதைப் பற்றிய அட்டையை வாசித்துப் படத்திற்கு வண்ணம் தீட்டுவதும் செயல்தான். ஆனால் அதில் குழந்தைக்குத் தெரியாத எதுவும் நடந்துவிடாது. எதிர்பாராத விடை எதுவும் வராது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் மூன்றாம் வகுப்பிலிருந்தே அறிவியலுக்குத் தனி நூல் தருகிறது. மத்தியப் பாடத்திட்டத்தில் ஐந்தாம் வகுப்புவரை அது சூழ்நிலையியலோடு கலந்தே இருந்துவந்தது. 2018இல் தொடங்கி வந்த புதிய நூல்கள் வண்ணமும் விரைவுத் துலங்கல் குறியீடும் செயல்பாடுகளுமாக முந்தையவற்றைவிட எவ்வளவோ மேல். இருந்தும் அவை ஒரே மாநிலத்திற்கான நூல்கள். ஆரணியும் கன்னியாகுமரியும் ஒரே பக்கத்தைப் புரட்டுகின்றன.

2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், பரிசோதனைப் பொருள்களையும் கருத்தாளர்களையும் அரசுப் பள்ளிகளுக்கே கொண்டுசெல்கிறது. நல்ல திட்டம். அது ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரைக்குமானது. அதாவது இந்தத் திட்டத்தின்வழி ஒரு பரிசோதனையைக் குழந்தை முதன்முதலாகப் பார்க்கும்போது அதற்குப் பதினொரு வயதாகியிருக்கும். இந்தியாவின் புகழ்பெற்ற முன்னோடியான ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டமும் இந்த வகுப்புகளுக்கானதுதான். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் 16 பள்ளிகளில் தொடங்கி, 1978இல் மாவட்டம் முழுவதும் பரவி, 2002இல் மாநில அரசால் நிறுத்தப்பட்ட திட்டம் அது. தொடக்கப்பள்ளிக்கென்று முழுமையாகச் சிந்தித்து எழுதப்பட்ட நூல் வரிசைகளில், மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் ஜெயஸ்ரீ ராமதாஸ் உருவாக்கிய ‘ஸ்மால் சயின்ஸ்’ தனித்து நிற்கிறது. அது விதிவிலக்கு. ஆறு முதல் பத்து வயதுவரையிலான குழந்தையின் அறிவியல் இங்கே எப்போதும் இரண்டாம் இடத்தில்தான் இருந்திருக்கிறது.

1953: மறக்கக்கூடாத எதிர்ப்பு

இனி தறிக்கு வருவோம். தொழிலின் வழியாகக் கல்வி என்ற எண்ணம் புதிதல்ல. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி முன்வைத்ததும், ஜாகிர் உசேன் குழு பாடத்திட்டமாக வகுத்ததும் இதைத்தான். நூற்பும் நெசவும் அதில் மையக் கைத்தொழில்கள். அந்தத் திட்டத்தின் உள்ளேயே ஒரு முரண் இருந்தது. குழந்தை செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவின் ஒரு பகுதியை ஈட்டலாம் என்ற எதிர்பார்ப்பு அது. விற்க வேண்டிய நூல் அறுந்துபோகக் கூடாது. அறுந்துபோக விடாத வகுப்பில் நூல் எத்தனை எடையில் அறுகிறது என்று கேட்க முடியாது. உற்பத்தியின் தேவையும் விசாரணையின் தேவையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. ஆதாரக் கல்வி எனப்பட்ட அத்திட்டம் பின்னாளில் தளர்ந்ததற்குக் காரணங்கள் பல. இந்த முரண் அவற்றில் ஒன்று என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் கதை இன்னும் கடுமையானது. 1953இல் இராஜாஜி அரசு ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதிப் பொழுதில் குழந்தை பெற்றோரின் தொழிலைக் கற்கும் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று அழைத்தார். திராவிடர் கழகமும் திமுகவும் காங்கிரசுக்குள்ளேயே பலரும் எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்பையும் நெசவாளி பிள்ளை தறியையும் பள்ளி நேரத்தில் கற்கட்டும் என்பது, பிறப்பையே பாடத்திட்டமாக்குவது. எதிர்ப்பு நூறு விழுக்காடு நியாயமானது.

இது முடிந்துபோன பழங்கதையும் அல்ல. பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தை உழைப்பைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை கர்நாடகம், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றோடு தமிழ்நாட்டின் காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. ஆரணி அங்கிருந்து தொலைவில் இல்லை, தொழில்முறையும் வேறல்ல. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எல்லா வேலைகளிலிருந்தும் விலக்கியது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்றொரு விலக்கையும் வைத்தது. வீட்டுத் திண்ணையில் ஊடை நூலைத் தாரில் சுற்றும் குழந்தை உதவுகிறதா, உழைக்கிறதா என்பதை எந்த ஆய்வாளர் நின்று பார்ப்பார்? இப்படிப்பட்ட சூழலில் தறியைப் பற்றி வகுப்பில் பேசலாம் என்று சொல்பவர், தான் எதைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

இன்னொன்றும் உண்டு. நெசவாளர் வீடுகளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதன் நோக்கம் பெரும்பாலும் தறியிலிருந்து அவர்களை விடுவிப்பதுதான். குழிக்குள் கால்விட்டு உட்கார்ந்து முதுகும் கண்ணும் தேய்ந்த ஒருவரிடம் போய், உங்கள் தொழில்தான் உங்கள் மகளுக்குப் பாடம் என்றால், அவர் சந்தேகப்படுவது சரியே.

தொழிலறிவு எதைத் தரும், எதைத் தராது

வீட்டிலும் தெருவிலும் கற்றது பள்ளிக்கு உதவுமா? இதற்கு உலகில் நல்ல ஆய்வுகள் உள்ளன. அவை ஒரே திசையைக் காட்டவில்லை.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெரு வியாபாரம் செய்த குழந்தைகளைப் பற்றி டெரெசின்யா கராஹர் குழுவினர் 1985இல் வெளியிட்ட ஆய்வு பரவலாக அறியப்பட்டது. சந்தையில் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டைச் சரியாகச் செய்த அதே குழந்தைகள், அதே கணக்குகளைத் தாளில் எண்களாக மட்டும் தந்தபோது 37 விழுக்காட்டையே சரியாகச் செய்தனர். ஆய்வில் இருந்தவர்கள் ஐந்தே பேர். ஆகவே எண்ணைவிட அது காட்டும் இடைவெளிதான் முக்கியம்: குழந்தையிடம் அறிவு இருக்கிறது, பள்ளி அதைத் தொடாமலே கடந்துபோகிறது. அமெரிக்காவின் டூசான் நகரில் மெக்சிகோ வழிவந்த குடும்பங்களின் வீடுகளுக்கே ஆசிரியர்களை அனுப்பி, அங்குள்ள வேளாண்மை, கட்டுமானம், மருத்துவ அறிவைப் பாடமாக்கிய லூயிஸ் மோல் குழுவின் பணியும் (1992) இந்தத் திசையிலேயே செல்கிறது.

எதிர்த்திசையில், நம் பொருளுக்கு மிக நெருக்கமான ஆய்வு ஒன்று நிற்கிறது. மெக்சிகோவின் சினகந்தான் ஊரில் நெசவு கற்கும் மாயா இனப் பெண் குழந்தைகளைப் பாட்ரீசியா கிரீன்ஃபீல்டு 1969–70இலும், இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்றும் ஆராய்ந்தார். நெய்யத் தெரிந்த சிறுமிகள் பழகிய வரிக்கோலங்களை இழை இழையாகப் பிரித்துக் காட்டினர். ஆனால் பழக்கமில்லாத புதிய கோலத்தைத் தொடர்ந்து முடிக்கும் திறனை நெசவு அனுபவம் மட்டும் கூட்டிவிடவில்லை. கைத்திறன் தானாகவே பொது அறிவாக மாறுவதில்லை என்பது இதன் பாடம். ஆரணியில் பாவு, ஊடை, விழுது, அச்சு என்ற சொற்களோடு வளரும் குழந்தைக்கு விசையும் இழுவிசையும் தாமே புரிந்துவிடும் என்று நம்புவது வெறும் உற்சாகம்தான்.

மேலும் வீட்டறிவு எல்லாமே சரியான அறிவும் அல்ல. பூமியின் வடிவம் பற்றிக் குழந்தைகள் மனத்தில் வைத்திருக்கும் சித்திரங்களை வொஸ்னியாடு, புரூவர் ஆகியோர் 1992இல் ஆராய்ந்தபோது, தட்டையான பூமியும் உள்ளீடற்ற பூமியும் வெளிப்பட்டன. இந்தியக் குழந்தைகளிடம் நடத்திய தொடர் ஆய்வில் நீரின் மேல் மிதக்கும் பூமியும் சேர்ந்துகொண்டது. பள்ளி சொன்னதையும் வீடு சொன்னதையும் குழந்தை கூட்டிக்கலந்து தனக்கென்று ஒன்றை உருவாக்குகிறது. அதை வெளியே எடுத்துவைக்க இடம் தராத வகுப்பில் அது அப்படியே உள்ளே தங்கிவிடும்.

இருபது கிராம் கோறாப் பட்டு

பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு பாடத்தை விரிவாகப் பார்ப்பது நல்லது. சாயம் ஏற்றுமுன், கச்சாப் பட்டான கோறாப் பட்டைச் சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த கொதிநீரில் காய்ச்சி அதன் பசையை நீக்குவார்கள். பட்டுப்புழு நூற்கும் இழை இரண்டு புரதங்களால் ஆனது. உள்ளே இருப்பது ஃபைப்ராயின், அதைப் பொதிந்திருக்கும் பசை செரிசின். காய்ச்சும்போது பசை கரைந்துவிடுகிறது. நூலின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை குறைகிறது. நூல் மென்மையாகி மின்னத் தொடங்குகிறது.

வகுப்பிற்கு வேண்டியது ஒரு கிராம் துல்லியமுள்ள ஒரு தராசு. இருபது கிராம் கோறாப் பட்டை எடைபோட்டு, ஆசிரியர் காய்ச்சி, அலசிக் காயவைத்த பிறகு மீண்டும் எடைபோட்டால் பதினைந்தோ பதினாறோ நிற்கும். நான்கைந்து கிராம் எங்கே போயிற்று? ஆவியாகிப் போயிற்று, அழுக்குப் போயிற்று, நூல் சுருங்கிவிட்டது, தராசு சரியில்லை என்று விடைகள் வரலாம். ஒவ்வொன்றும் சோதிக்கத்தக்க விடை. கரைந்தது காய்ச்சிய நீரிலேயே இருக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னால், அந்த நீரை வற்றவைத்துப் பார்க்கலாம். பாத்திரத்தின் அடியில் ஏதோ படியும். அது பசைதானா, சோப்பா? இங்கேதான் அறிவியல் தொடங்குகிறது. பட்டு போடாமல் அதே அளவு சோப்பு, அதே அளவு சோடா, அதே அளவு நீர் வைத்து இன்னொரு பாத்திரத்தையும் வற்றவைக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றினால், ஒப்பீட்டுச் சோதனை என்ற நவீன அறிவியலின் அடித்தளத்தையே ஐந்தாம் வகுப்பு தொட்டுவிட்டது.

அடுத்த சிக்கல் உடனே வரும். நூல் காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? தொட்டுப் பார்த்தால் போதாது. பட்டு தன் எடையில் கணிசமான அளவு ஈரத்தை வாங்கிக்கொண்டும் கைக்கு உலர்ந்ததாகவே படும். பட்டு வணிகத்தில் ஏற்கப்பட்ட ஈர அளவு 11 விழுக்காடு. மே மாத நண்பகலில் எடைபோட்ட சிட்டத்தை ஐப்பசி மழையில் எடைபோட்டால் முள் வேறிடத்தில் நிற்கும். மழைநாளில் பாவு கையாளுவது வேறு மாதிரி என்பது தறியில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். காற்றில் நீர் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று பாடநூலில் இல்லை.

அதோடு பாடம் பள்ளிச் சுவரைத் தாண்டும். கூலிநெசவில் பட்டும் ஜரிகையும் நெசவாளரிடம் எடைபோட்டுத் தரப்படுகின்றன. சேலையும் எடைபோட்டே திரும்ப வாங்கப்படுகிறது. கணக்கில் குறைந்தால் நெசவாளிதான் பதில் சொல்ல வேண்டும். கோடையில் எடைபோட்ட நூலுக்கும் மழைக்காலத்தில் எடைபோட்ட சேலைக்கும் இடையில் ஈரம் என்ன செய்கிறது என்று பத்து வயதுக் குழந்தை கேட்டால், அது இயற்பியல் கேள்வி மட்டுமல்ல. ஆசிரியர் இதைக் கேட்டு நெளியலாம். நெளிய வேண்டியதில்லை என்பேன். தன் வீட்டுக் கணக்கைத் தானே சரிபார்க்கத் தெரிவது, குலக்கல்வி தரவே முடியாத ஒன்று. இராஜாஜியின் திட்டம் குழந்தையைத் தறியில் உட்காரவைக்க நினைத்தது. இந்தப் பாடம் குழந்தையின் கையில் தராசைக் கொடுக்கிறது. என் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முறுக்கிய நூலையும் முறுக்காத நூலையும் ஒரே நீளத்தில் தொங்கவிட்டு, காகிதக் குவளையில் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, எது முதலில் அறுகிறது என்று பார்க்கலாம். கிணற்றுநீர், ஆழ்துளைநீர், மழைநீர் மூன்றிலும் சோப்பு எவ்வளவு நுரைக்கிறது என்று ஒப்பிட்டால், சாயப்பட்டறைக்கு ஏன் நல்ல தண்ணீர் வேண்டும் என்பதும், சாயக்கழிவு எங்கே போகிறது என்பதும் சேர்ந்து வரும். ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் இழை தூக்கப்படும், இல்லாவிட்டால் கிடக்கும். இரண்டே நிலைகளில் மயிலும் அன்னமும் உருவாவதைக் கட்டம் போட்ட தாளில் குழந்தைகளே வரைந்து பார்க்கலாம். நெல்லை அவித்தும் அவிக்காமலும் அரைத்துக் குருணையை எண்ணலாம். பட்டுப்புழுவைத்தான் எங்கே தேடுவது? ஆரணிக்கு வரும் கச்சாப் பட்டில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து நூலாகவே வருகிறது. பட்டு ஊரில் பிறந்தும் பட்டுக்கூட்டைக் கையில் எடுத்துப் பார்க்காமலே ஒரு குழந்தை வளர்ந்துவிட முடியும்.

வழிநடத்தலா, தேடலா

குழந்தை தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடலாமா? இந்த இடத்தில் செயல்வழி ஆர்வலர்கள் எதிர்த்தரப்பின் சான்றுகளை நேர்மையாகப் பார்க்க வேண்டும். வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் தொடக்கநிலை மாணவர்களுக்குப் பயன் தருவதில்லை என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் 2006இல் வலுவாக வாதிட்டனர். அதற்கு முன்பே, 2004இல், கிளாரும் நிகமும் மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகள் 112 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்ற வேண்டும் என்ற விதியை நேரடியாகக் கற்பிக்கப்பட்டவர்களே, தாமாகக் கண்டுபிடிக்க விடப்பட்டவர்களைவிட மிகுதியாகக் கற்றனர். 2015 பீசா தரவிலும் மாணவர் தாமே சோதனை செய்யும் வகுப்புகளுக்கும் உயர்ந்த மதிப்பெண்ணுக்கும் பல நாடுகளில் எதிர்மறைத் தொடர்பே தெரிந்தது. மறுபுறம், ஃபுர்டாக் குழுவினர் 2012இல் முந்தைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது விசாரணைவழிக் கற்பித்தலுக்குத் தெளிவான நற்பயன் தெரிந்தது. அதிலும் ஆசிரியர் வழிநடத்திய வகுப்புகளில்தான் பயன் மிகுதி.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் முடிவு கடினமானதல்ல. கேள்வி குழந்தையுடையதாக இருக்கலாம். சோதிக்கும் முறையை ஆசிரியர் கற்பித்தே ஆக வேண்டும். சோப்புநீர் உள்ள இரண்டாம் பாத்திரம் எந்தக் குழந்தைக்கும் தோன்றாமல் போனால், ஆசிரியர் அதைச் சொல்லிக் காட்டுவதில் இழுக்கு எதுவும் இல்லை. நாணயக் குவளைச் சோதனையில் ஒருவர் நீளமான நூலையும் இன்னொருவர் குட்டையான நூலையும் கட்டியிருந்தால், அப்போதே நிறுத்தி, இது நியாயமான போட்டியா என்று கேட்க வேண்டியவர் ஆசிரியர்தான். செயல்வழிக் கற்றல் காலத்தில் ஆசிரியரை வழிவிட்டு விலகச் சொன்னோம். அறிவியல் வகுப்பு அவரை மீண்டும் உள்ளே அழைக்கிறது.

நிபந்தனைகள்

பின்வரும் நிபந்தனைகளில் ஒன்று மீறப்பட்டாலும் திட்டத்தை நிறுத்திவிடுவதே நல்லது. பள்ளியில் எதுவும் நெய்யப்படக் கூடாது, விற்கப்படக் கூடாது. எந்தக் குழந்தையும் தறியில் உட்காரவைக்கப்படக் கூடாது. நெசவாளி மகனை முன்னால் நிறுத்தி நீ செய்து காட்டு என்று சொல்வது, அன்பாகச் சொன்னாலும், அவன் பிறப்பை வகுப்பறையில் சுட்டிக்காட்டுவதாகும். ஆலைத் தொழிலாளியின் மகளும் ஆசிரியரின் மகனும் அதே நூலை, அதே தராசில், அதே கேள்வியோடு எடைபோட வேண்டும். தறியோடு அரிசி ஆலையும் சாயப்பட்டறையும் சைக்கிள் கடையும் பாடத்திற்கு வர வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். ஒரே தொழில் மட்டும் வந்தால் அது ஒரு சமூகத்தின் அடையாளமாகிவிடும். ஆரணியில் வீட்டில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் பேசும் குழந்தைகள் உண்டு. கருவிகளுக்கு அவர்கள் வீட்டில் வழங்கும் பெயர்களும் கரும்பலகையில் ஏறட்டும்.

பெற்றோர் வகுப்பிற்கு வர வேண்டும், பதில் சொல்பவர்களாக. அரைநாள் தறியைவிட்டு வரும் நெசவாளிக்கு அரைநாள் கூலி போகிறது. அதை ஈடுசெய்யாமல் அவரை அழைப்பது பண்பாடல்ல. கருத்தாளருக்குப் படி தரும் துறை இவருக்கும் தரலாம்.

ஹோஷங்காபாத் திட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. குழந்தைகள் ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார்கள், பதிலும் வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் துளிர் இதழ் இருக்கும் மாநிலத்தில் இதைச் செய்வது கடினமல்ல. இரண்டாவது, தேர்வு. அங்கே புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும் இருந்தன. பருவத் தேர்வில் பட்டுப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியை வரைக என்று மட்டும் கேட்டால், இரண்டாம் பாத்திரத்தை எந்த ஆசிரியரும் அடுப்பில் வைக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இதற்குப் புதிய நிறுவனம் எதுவும் வேண்டாம். ஆரணியின் மாவட்டத்திலேயே, கீழ்பென்னாத்தூரில், ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. குறுவள மையக் கூட்டங்கள் நடக்கின்றன. கழிவு நூலைத் தரக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. வானவில் மன்றத்தை நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு நீட்டுவதும், பள்ளிக்கு ஒரு தராசு தருவதும் பள்ளிக்கல்வித் துறைக்குப் பெரிய செலவல்ல. ஆரணி ஒன்றியத்தில் இரண்டு ஆண்டுகள் இதைச் செய்துபார்க்கலாம். அதே அளவு பள்ளிகளை வழக்கமான முறையில் விட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். குழந்தைகளின் அறிவியல் கற்றலைச் செய்முறையோடு அளந்து, முடிவு சாதகமானாலும் பாதகமானாலும், அதைத் தமிழிலேயே வெளியிட வேண்டும். தொடக்கப்பள்ளி அறிவியலைப் பற்றித் தமிழ்நாடு இனி எடுக்கும் எந்த முடிவும் அப்படியொரு தரவின் மேல் நிற்கட்டும்.